டாஸ்மாக் வாசலில் வராத கூச்சம் இங்கே மட்டும் ஏன்? மதுரையில் முதல்முறை ஏ.ஏ. கூட்டத்துக்குப் போறவங்களுக்கு...

டாஸ்மாக் மதியம் 12 மணிக்குத் திறக்கும். அதுக்கு முன்னாடியே ஷட்டர் பக்கத்தில் காத்திருப்பவர்களை மதுரையில் பல இடங்களில் பார்க்கலாம். பட்டப்பகலில், சித்தப்பாவோ பழைய வாத்தியாரோ கடந்துபோகும் ரோட்டில்தான் நிற்கிறார்கள். அதே ஆளிடம், "குடியை விட்டவங்க கூடிப் பேசுற மீட்டிங் ஒண்ணு இருக்கு, வர்றியா?" என்று கேட்டுப் பாருங்கள். "தெரிஞ்சவங்க யாராச்சும் பார்த்துட்டா?" என்பார்.

சிரிக்க வேண்டாம். அந்தப் பயம் உண்மையானது. மதுரை பெரிய கிராமம். செல்லூரில் காலையில் நடந்தது, சாயங்காலத்துக்குள் திருநகர் டீக்கடைக்கு வந்துவிடும். இந்தப் பயத்துக்கான பதில், அந்த அமைப்பின் பெயரிலேயே இருக்கிறது. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. 'அனானிமஸ்' என்றால் பெயர் வெளியே தெரியாதவர் என்று அர்த்தம். உள்ளே யாரைப் பார்த்தோம், என்ன கேட்டோம் என்பதை வெளியே பேசக்கூடாது. தெரிந்தவர் யாராவது உங்களைப் பார்த்தால், அவரும் அதே பிரச்னையோடுதான் அங்கே உட்கார்ந்திருப்பார்!

இது ஆரம்பித்த கதை சின்னது. 1935 மே மாதம். பில் என்ற நியூயார்க் பங்குச்சந்தைக்காரர், அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்துக்கு ஒரு வியாபார வேலையாகப் போகிறார். குடியை விட்டுச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. போன வேலை ஊத்திக்கொண்டது. ஹோட்டல் வரவேற்பறையில் ஒரு பக்கம் பார், இன்னொரு பக்கம் டெலிபோன். அவர் போனை எடுத்தார். சர்ச்சுகளுக்குப் போட்டு, 'பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளி வேணும்' என்று கேட்டார். அப்படிக் கிடைத்தவர் பாப் என்ற அறுவை சிகிச்சை டாக்டர். கால் மணி நேரம்தான் இருப்பேன் என்று வந்த பாப், பல மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். பாப் கடைசியாகக் குடித்த நாளான ஜூன் 10, 1935-தான் ஏ.ஏ-வின் பிறந்தநாள். இந்தியாவுக்கு 1957-ல் வந்தது.

அன்றைக்கு பில், பாப்புக்கு அட்வைஸ் பண்ணவில்லை, தன் கதையைச் சொன்னார். இன்றைக்கும் கூட்டத்தில் நடப்பது அதுதான்.

எங்கே தேடுறது?

ஏ.ஏ. இந்தியாவின் இணையதளத்தில் ஊர்வாரியாகத் தேடலாம். ஆனால் குழுக்கள் இடமும் நாளும் மாற்றிக்கொள்வது உண்டு. அதனால் மேப்பை நம்பிக் கிளம்பாமல், அங்கே உள்ள எண்ணுக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள். எடுப்பவரும் குடித்து மீண்டவராகத்தான் இருப்பார். அரசு ராஜாஜி மருத்துவமனையின் மனநலப் பிரிவிலோ, குடிநோய் சிகிச்சை தரும் மையங்களிலோ கேட்டாலும் விவரம் கிடைக்கும். போனில் பேசினால் போதும் என்றால் டெலி மானஸ் 14416. போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. இரண்டும் இலவசம்.

உள்ளூரில் போகக் கூச்சமா? திண்டுக்கல், விருதுநகர் பக்கம் குழு இருக்கிறதா என்று விசாரியுங்கள். மேலூர்க்காரர் சிட்டிக்குள்ளும், சிட்டிக்காரர் வெளியூருக்கும் போவதில் தப்பே இல்லை. ஆன்லைன் கூட்டமும் இருக்கிறது. ஆனா நேர்ல போறதுதான் வேற மாதிரி.

'ஓப்பன்' கூட்டத்துக்கு யாரும் போகலாம். 'க்ளோஸ்டு' கூட்டம், குடியை நிறுத்த நினைப்பவர்களுக்கு மட்டும். அந்த நினைப்பு ஒன்றுதான் சேருவதற்கான தகுதி. ஆதார் வேண்டாம், கட்டணம் இல்லை. உண்டியல் மாதிரி ஒன்று சுற்றி வரும், அது வாடகைக்கும் டீக்கும். புதுசாக வந்தவர் போட வேண்டியதில்லை. கூட்டம் சர்ச் வளாகத்திலோ பள்ளி அறையிலோ நடக்கலாம், அதை வைத்து மத அமைப்பு என்று நினைத்துவிடாதீர்கள். கடவுள் என்ற வார்த்தை வரும், எந்தக் கடவுள் என்பது உங்கள் இஷ்டம்.

ஒருவர் எழுந்து, பெயரைச் சொல்லி, 'நான் ஒரு குடிநோயாளி' என்று ஆரம்பிப்பார். இடையில் யாரும் குறுக்கே பேச மாட்டார்கள். உங்கள் முறை வந்தால், "இன்னிக்குக் கேட்க மட்டும் வந்தேன்" என்று சொல்லலாம். மொபைலை மட்டும் பாக்கெட்டிலேயே வைத்துவிடுங்கள். போட்டோ, ரெக்கார்டிங், ஸ்டேட்டஸ் எதுவும் கூடாது. ஒரே ஒரு க்ளிக் யாரோ ஒருவரின் வேலையைக் காலி பண்ணிவிடும்.

"சபரிமலைக்கு மாலை போட்டா 48 நாள் தொடமாட்டேன், அப்ப நான் எப்படி அடிமை?" என்பது நம்ம ஊர்ல அடிக்கடி கேட்கும் வாதம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த 48 நாளும் அவரைச் சுற்றி என்ன இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். தெருவே 'சாமி' என்று கூப்பிடும். சாயங்காலம் பஜனை, கூடவே நாலு சாமிகள். மாலையைக் கழற்றிய மறுநாள் இது எதுவும் இல்லை. கூட்டம் தருவது அந்தச் சூழலைத்தான், கடைசித் தேதி போடாமல். 'இனி வாழ்க்கையில் தொடமாட்டேன்' என்ற சத்தியம் அங்கே இல்லை. இன்னிக்கு ஒரு நாள் குடிக்காம இருப்போம், அவ்வளவுதான். இது பலன் தருமா என்று 27 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த காக்ரேன் அமைப்பின் 2020 அறிக்கை, தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில் ஏ.ஏ. வழியிலான முறையான சிகிச்சைகள் மற்ற சிகிச்சைகளைவிட நன்றாகவே பலன் தருகின்றன என்று சொன்னது.

முதலில் டாக்டர்

தினமும் நிறைய குடிப்பவர் ஒரே நாளில் சட்டென்று நிறுத்துவது ஆபத்து. முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாளுக்குள் உடம்பு நடுங்கி, இல்லாத உருவம் தெரிந்து, ஆள் குழம்பிப் போகலாம். உயிரே போகக்கூடிய நிலை அது. 'கை நடுங்குது, ஒரு கட்டிங் போட்டா சரியாயிடும்' என்பவர் முதலில் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். கூட்டம் அதுக்கு மாற்று கிடையாது.

பஸ் ஸ்டாண்டு சுவர்களில் 'குடிப்பவருக்குத் தெரியாமலே கொடுக்கலாம்' என்ற விளம்பரம் பார்த்திருப்பீர்கள். அந்தப் பவுடரில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? குடித்தால் ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்ஃபிராம் போன்ற மருந்து, தெரியாமல் உள்ளே போய் மேலே மதுவும் சேர்ந்தால் இதயத்தைப் பாதிக்கலாம். சாம்பாரில் கலக்கும் வேலையெல்லாம் வேண்டவே வேண்டாம்.

குடிப்பது அப்பாவோ அண்ணனோ, அவர் வர மறுக்கிறார் என்றால்? நீங்கள் போகலாம். குடும்பத்தாருக்கான அல்-அனானை 1951-ல் தொடங்கியவர்களில் ஒருவர் பில்லின் மனைவி லோயிஸ். டீன் ஏஜ் பிள்ளைகளுக்கு அலட்டீன் உண்டு. இங்கே அவரைத் திருத்தும் வித்தை சொல்லித்தர மாட்டார்கள். பாட்டிலை ஒளிப்பது, ஆபீஸுக்கு 'அவருக்குக் காய்ச்சல்' என்று பொய் சொல்வது என்று தேய்ந்துபோன உங்களைப் பற்றித்தான் அங்கே பேச்சு.

கூட்டங்கள் பெரும்பாலும் சாயங்காலம்தான், அதாவது கை பழக்கத்தில் கடையைத் தேடும் அதே நேரம். முதல் நாள் பத்து நிமிஷம் முன்னாடியே போய், கடைசி வரிசையில் உட்காருங்கள். முடிந்ததும் யாராவது ஒருவரின் நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்து எப்போது கை அரித்தாலும், கடைக்குப் போவதற்கு முன்னால் அந்த நம்பருக்கு ஒரு கால். குடித்துவிட்டு அடுத்த வாரம் திரும்பிப் போனாலும், நாற்காலி போட்டுத்தான் வைத்திருப்பார்கள்.