தேருக்குக் கட்டை போடுகிறார்கள், பஸ்ஸுக்கு?

சித்திரைத் தேரோட்டத்தன்று மதுரையில் எல்லோரும் தேரைப் பார்ப்பார்கள். நான் போன தடவை சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்குக் காரணம் என் தம்பி. அதைப் பிறகு சொல்கிறேன்.

கீழமாசி வீதியில் கிளம்பும் தேர், தெற்குமாசி வீதி முனைக்கு வந்ததும் நின்றுவிடும். அவ்வளவு பெரிய தேருக்கு ஸ்டீயரிங் கிடையாது (சிரிக்காதீர்கள், யோசித்துப் பாருங்கள்!). சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை போட்டுப் போட்டுத்தான் அதைத் திருப்ப வேண்டும். கட்டை போடுகிறவர்கள் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே குனிந்து வேலை செய்வார்கள். தேர் எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் நிற்கும் கூட்டத்தை முதலில் விலக்கிவிடுவார்கள். விசில் சத்தம், "வெலகு, வெலகு" என்ற கூச்சல், அப்புறம்தான் வடம் அசையும். திரும்புகிற வண்டிதான் ஆபத்தானது, அதனால் அதைத் திருப்புகிறவர்கள்தான் பொறுப்பு. இது அந்த முனையில் நிற்கும் சின்னப் பையனுக்கும் தெரியும்.

நம்ம ஊர் வீதிகளே வலம் வருவதற்காகப் போட்டவை. ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாக வீதிகள். வெளி வீதிகள் மட்டும் பிறகு வந்தவை. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியை மூடச் சொன்னார், அந்த இடத்தில் வந்தவைதான் அவை. (விளக்குத்தூண் இருக்கிறதே, அது அவர் நினைவாக வைத்தது. தினமும் அதைத் தாண்டிப் போகிறவர்களில் பாதிப்பேருக்கு இது தெரியாது.) சாமி கிழக்கே கிளம்பி, தெற்கு, மேற்கு, வடக்கு என்று சுற்றி வருவதால் நான்கு முனையிலும் தேர் வலப்பக்கம்தான் திரும்பும். ஒரு முனையில்கூட இடப்பக்கம் திரும்பாது.

இந்த இடது, வலது விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மதுரைக்கு பஸ் வந்தது 1912-இல். டி.வி. சுந்தரம் அய்யங்கார் ஆரம்பித்த சர்வீஸ் அது. 1972-இல் பஸ்கள் அரசுடைமையாகி பாண்டியன் போக்குவரத்துக் கழகம் வந்தது. இடைப்பட்ட காலத்தில் சைக்கிள் பெருகியது. 1949-இல் சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கிய பிறகு ஹெர்குலிஸ் வண்டி நடுத்தரக் குடும்பத்துக்கும் எட்ட ஆரம்பித்தது. எங்கள் தாத்தா ஒன்று வைத்திருந்தார். சைக்கிளுக்கு வரி கட்டி, அதற்கான வில்லையை வண்டியில் மாட்டியிருக்க வேண்டிய காலம். ராத்திரி விளக்கில்லாமல் போனால் போலீஸ் பிடிக்கும். டபுள்ஸ் போனாலும் பிடிக்கும், காற்றைப் பிடுங்கிவிடும். போலீஸைப் பார்த்ததும் பின்னால் இருப்பவர் குதித்து ஓடின கதையைத் தாத்தா நூறு தடவை சொல்லியிருப்பார்.

ஆனால் ஒரு நாளும் "முனையில் திரும்புகிற லாரிக்காரனைப் பிடித்தார்கள்" என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. சைக்கிள்காரனின் விளக்கு, பெல், வில்லை, பின்சீட்டு எல்லாவற்றையும் பார்த்தவர்கள், அவன் பக்கத்தில் திரும்பும் வண்டியின் பின்சக்கரத்தைப் பார்க்கவில்லை.

இப்போது தம்பி விஷயம். அவன் பதினொன்றாம் வகுப்பில் கிடைத்த அரசு சைக்கிளில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். ரிங்ரோடு முக்கு ஒன்றில் இடது ஓரமாக நேரே போகிறான். பக்கத்தில் ஒரு லாரி. முன்பக்கம் அவனைத் தாண்டிப் போய்விட்டது, நல்ல இடைவெளியும் இருந்தது. அப்புறம் லாரி இடது பக்கம் திரும்பியது. இடைவெளி சுருங்கிக்கொண்டே வந்து பின்சக்கரம் பக்கத்தில் வந்ததும் சைக்கிளை விட்டுவிட்டுக் குதித்தான். அவனுக்கு முழங்கை சிராய்ப்பு. சைக்கிளின் பின்சக்கரம் அப்பளம். கூடினவர்கள் எல்லோரும் கேட்ட ஒரே கேள்வி: "நீ ஏன்டா அங்க போன?"

இடைவெளி ஏன் சுருங்கியது என்பதற்குப் பத்தாம் வகுப்புப் பிதாகரஸ் தேற்றமே போதும். நீள வண்டி திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்தில் போகாது, உள்பக்கமாக அறுத்துக்கொண்டு வரும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் 5.5 மீட்டர் தூரம், முன் அச்சின் நடு 10 மீட்டர் ஆரத்தில் திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். 100-இல் 30.25 போனால் 69.75. அதன் வர்க்கமூலம் சுமார் 8.35. அதாவது பின் அச்சு 1.65 மீட்டர் உள்ளே வருகிறது! ஒரு சைக்கிளும் அதை ஓட்டுகிறவரும் தாராளமாக அடங்கும் அகலம். நம் நாட்டில் டிரைவர் உட்காருவது வலப்பக்கம். இடப்பக்கம் கதவுக்குக் கீழே ஒட்டி வருகிற சைக்கிள் கண்ணாடியில் விழாமலே போகலாம். தேர் திரும்பாத அந்த இடப்பக்கம்தான் சைக்கிள்காரனுக்கு நாம் ஒதுக்கியிருக்கும் இடம். "ஓரமாப் போ" என்று சொல்லித்தானே வளர்த்தார்கள்?

சிக்னல் இல்லாத இடத்துக்கு ரவுண்டானா நல்லது என்பார்கள். அதற்கும் கதை உண்டு. நியூயார்க்கில் 1905-இல் கொலம்பஸ் சர்க்கிள், 1907-இல் பாரிஸில் வெற்றி வளைவைச் சுற்றி ஒருவழிச் சுற்று. வெகுகாலம் யாருக்கு முன்னுரிமை என்பதில் குழப்பம், வண்டிகள் உள்ளேயே இறுகி நின்றன. 1966-இல் பிரிட்டன், உள்ளே நுழைகிறவர் வலப்பக்கம் வருகிறவருக்கு வழிவிட வேண்டும் என்று நாடு முழுக்க விதி போட்டது. அதன் பிறகுதான் ரவுண்டானா ஒழுங்காக ஓடியது. நம் நாட்டில் 1989 சாலை விதிமுறைகளில், பிரதான சாலை என்று குறிக்கப்படாத சந்திப்புகளில் வலப்பக்கம் வருகிறவருக்கு வழிவிடச் சொல்லியிருந்தது. 2017-இல் வந்த புதிய ஒழுங்குமுறை, ரவுண்டானாவுக்குள் இருப்பவருக்கே முன்னுரிமை என்கிறது. பாதசாரி, சைக்கிள்காரர், குழந்தைகள் விஷயத்தில் ஓட்டுநர் தனிக் கவனம் எடுக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், இடதுபக்கம் ஓட்டுகிற நாட்டில் ரவுண்டானாவைச் சுற்றுவது அசல் பிரதட்சிணம். நடுவில் இருப்பது எப்போதும் நம் வலக்கைப் பக்கம். சுற்றுவதில் பெரிய ஆபத்தில்லை. வெளியே போவதில்தான் ஆபத்து. பெரிய வண்டி உள்வட்டத்திலிருந்து இடப்பக்கம் வெட்டி வெளியே வரும். வெளிவட்டத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் சைக்கிள் அதற்குக் குறுக்கே மாட்டும். அதனால் கார்களுக்கு ரவுண்டானா தந்த பாதுகாப்பு சைக்கிள்களுக்கு அதே அளவில் கிடைக்கவில்லை.

நெதர்லாந்து 1970களில் குழந்தைகள் சாலையில் செத்துக்கொண்டிருந்தபோது தெருவில் இறங்கிப் போராடியது. பிறகு சந்திப்புகளையே மாற்றிக் கட்ட ஆரம்பித்தது. முனையில் ஒரு சின்னத் திட்டு வைத்துவிட்டால் வண்டி அகலமாக, மெதுவாகத்தான் திரும்ப முடியும், சைக்கிள் டிரைவரின் கண்ணுக்கு நேரே வரும். லண்டனில் 2015 முதல் பெரும்பாலான லாரிகளுக்குப் பக்கவாட்டுத் தடுப்பும் கூடுதல் கண்ணாடியும் கட்டாயம். ஒரு விதத்தில் இரண்டுமே முட்டுக்கட்டைதான்.

நாம் சைக்கிள் கொடுப்பதில் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. பக்கத்து மாவட்டம் ஒன்றைத் தாண்டினால் புதுக்கோட்டை. அங்கே 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்களை சைக்கிள் ஓட்ட வைத்தது. 2001-02-இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் வந்து, பிறகு அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பதினொன்றாம் வகுப்பு முழுவதுக்கும் விரிந்தது. மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி பக்கமெல்லாம் காலையில் பாருங்கள், வரப்புச் சாலையிலிருந்து வரிசையாக சைக்கிள்கள் ஏறி வரும். ஏறுகிற இடம் நான்குவழிச் சாலை. நகருக்குள் பாலம் பாலமாக வருகிறது. 2023-இல் நத்தம் சாலையில் ஏழு கிலோமீட்டருக்கு மேல் பறக்கும் பாலம் திறந்தார்கள். அது நேரே போகிறவருக்கு. திரும்புகிறவரும் சைக்கிள்காரரும் இன்னும் கீழேதான்.

தம்பிக்குப் புதுச் சக்கரம் போட்டுக் கொடுத்தோம். கோரிப்பாளையத்தில் ஏ.வி. பாலம் பக்கமிருந்து வரும்போது அவனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்: பஸ்ஸுக்கு இடப்பக்கம் நுழையாதே, பின்னாலேயே நில், டிரைவரின் கண்ணாடியில் அவர் முகம் உனக்குத் தெரிந்தால்தான் உன் முகம் அவருக்குத் தெரியும். நிற்கிறான். பின்னால் இருக்கும் பைக்காரர்கள்தான் ஹாரன் அடித்து, "ஓரமாப் போடா" என்கிறார்கள்.