ஒரு பழைய எம்.ஜி. காரின் செலவுக் கணக்கு

ரொறன்ரோவில் வாழும் வாசகர் ஒருவர் அண்மையில் எனக்கு ஒரு மின்னஞ்சல் எழுதியிருந்தார். வெள்ளவத்தையில், கடலை நோக்கிச் செல்லும் ஒழுங்கையொன்றில், அவருடைய சித்தப்பாவின் வீட்டுக் கராஜில் ஓர் எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் கார் தார்ப்பாயின் கீழ் நிற்கிறது. 1950களின் இறுதியில் வாங்கியது. பிள்ளைகள் அதை விற்கப்போகிறார்கள். அந்நியரிடம் போகவிடாமல் தாமே வாங்கிக் கொழும்பிலேயே வைத்துக்கொள்ளலாமா, அப்படியானால் ஆண்டுக்கு எவ்வளவு பணம் ஒதுக்கவேண்டும் என்பது அவருடைய கேள்வி. அரசாங்கங்களின் வரவுசெலவுத் திட்டங்களைப் பற்றி ஒரு தொழில்வாழ்க்கை முழுவதும் எழுதிய ஒருவனால் ஒரு காரின் வரவுசெலவைச் சொல்ல முடியாதா என்று நினைத்தாரோ என்னவோ. கணக்கைப் போடத் தொடங்கினேன். இந்த நாட்டில் ஒரு பழைய காரின் செலவை எழுதப்போனால் நாட்டின் வரலாற்றைத்தான் எழுதவேண்டியிருக்கிறது.

உலகின் மற்றைய இடங்களில் கார் வைத்திருப்பதன் முதற் செலவு தேய்மானம். கடையை விட்டு வெளியே வந்த கணத்திலிருந்து காரின் பெறுமதி குறையத் தொடங்கும். பெற்றோல், ரயர், காப்புறுதி எல்லாம் அதற்குப் பின்புதான். இலங்கையில் 1960களின் தொடக்கத்திலிருந்து இந்த விதி தலைகீழாக மாறியது. 1950களின் தொடக்கத்தில் கொரிய யுத்தத்தால் இறப்பருக்குக் கிடைத்த நல்ல விலை நிலைக்கவில்லை. தேயிலை வருமானமும் தளர்ந்தது. வெளிநாட்டுச் செலாவணிக் கையிருப்பு கரைந்தது. 1960, 1961ஆம் ஆண்டுகளில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தபோது, முதலில் அடிபட்ட ஆடம்பரப் பொருள்களுள் தனியார் காரும் ஒன்று. புதிய கார் வருவது ஏறத்தாழ நின்றுபோனதும், ஏற்கெனவே இங்கிருந்த மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் பேஜோ 203உம் ஆண்டுதோறும் விலை ஏறின. தாம் கொடுத்த விலையைவிடக் கூடுதலான விலைக்குப் பத்து ஆண்டுகள் ஓடிய காரை விற்றவர்கள் அக்காலக் கொழும்பில் சாதாரணம். நிலமும் நகையும் போலக் காரும் முதுசமானது அப்போதுதான். வெள்ளவத்தையில் வீடு கட்டிக் குடியேறிய யாழ்ப்பாணத்து அரசாங்க உத்தியோகத்தர்கள் பலர் அரசாங்கக் கடனில் கார் வாங்கியவர்கள். கடனை அடைத்து முடிக்கையில் கையில் ஒரு சொத்து இருந்தது.

ஆனால் அதற்குமுன்பே தமிழர் ஒருவரின் காருக்கு வேறொரு விலையும் எழுதப்பட்டுவிட்டது. ஆங்கில எழுத்துகளைத் தாங்கியிருந்த இலக்கத் தகடுகளில் சிங்கள ‘ஸ்ரீ’ புகுத்தப்பட்டது. 1958 ஜனவரி முதலாந் திகதி பஸ் சேவைகள் தேசியமயமாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவானது. சில வாரங்களில், சிங்கள ஸ்ரீ எழுத்துடன் அச்சபையின் பஸ்கள் வடக்கே வந்தன. தமிழரசுக் கட்சியினர் அந்த எழுத்தை அழித்துத் தமிழில் எழுதினார்கள். தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளுக்குத் தார் பூசப்பட்டது. ஏப்ரல் 9ஆந் திகதி பண்டாரநாயக்கா – செல்வநாயகம் ஒப்பந்தம் கிழிக்கப்பட்டது. மே மாதம் கலவரம் வெடித்தது. ஒரு தகரத் தகட்டில் எழுதப்பட்ட ஓர் எழுத்து இத்தனைக்கும் நடுவில் நின்றது. நம் வாசகரின் சித்தப்பா அந்தக் காரை வாங்கியதும் ஏறத்தாழ அந்தக் காலத்தில்தான்.

சரி, எம்.ஜி.ஏ. என்ற இந்தக் காரைப் பற்றிச் சொல்லவேண்டும். 1955இலிருந்து 1962வரை இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் ஒரு இலட்சத்துக்குச் சற்றுக் கூடுதலாகச் செய்யப்பட்டது. பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போனது. இலங்கைக்கு வந்தவை மிகச் சில. அக்காலத்தில் மோட்டார் பந்தயத்துக்கு இங்கே ஒரு கூட்டம் இருந்தது. 1934இல் தொடங்கிய நுவரெலியா மஹகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயமும், களுத்துறைக்கு அருகே கட்டுக்குருந்தையின் யுத்தகால விமானத்தளத்தில் நடந்த ஓட்டங்களும் ஏப்ரல் விடுமுறையைப்போல எதிர்பார்க்கப்பட்டவை. தோட்டத்துரைகளின் விளையாட்டாகத் தொடங்கியதில் பின்னர் டாக்டர்களும் சட்டத்தரணிகளும் வணிகர்களின் பிள்ளைகளும் இறங்கினார்கள்.

பார்வைக்குப் பந்தயக் குதிரையாக இருந்தாலும் அதன் நெஞ்சு ஓர் ஏர் மாட்டினுடையது. உள்ளே இருப்பது பிரிட்டிஷ் மோட்டார் கோப்பரேஷனின் ‘பி’ வரிசை எஞ்சின், 1489 கன சென்ரிமீற்றர். அதே குடும்பத்து எஞ்சின்தான் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜிலும் மொறிஸ் ஒக்ஸ்போர்ட்டிலும் இருந்தது. இந்தியாவின் அம்பாசடர் காரிலும் பல்லாண்டுகள் அதுவே ஓடியது. ஆகவே பிஸ்டன், வால்வு, பெயாரிங் போன்ற சாமான்களுக்கு இலண்டன்வரை போகத் தேவையில்லாத ஒரே ஸ்போர்ட்ஸ் கார் இதுவாகத்தான் இருக்கவேண்டும். அம்பாசடர் உற்பத்தி 2014இல் நின்றுவிட்டது என்றாலும் சென்னையில் சாமான் இன்னும் அகப்படும். வாசகர் முதலில் மகிழவேண்டிய இடம் இது.

1970களில் அப்படிச் சென்னைக்கு ஆள் அனுப்புவதும் எளிதல்ல. செலாவணி முழுவதும் அரசின் கையில். 1968இல் வந்த செலாவணி உரித்துச் சான்றிதழ்த் திட்டத்தின்படி, அத்தியாவசியமற்ற பொருளுக்கு டொலர் வாங்குபவர் சாதாரண வீதத்துக்குமேல் முதலில் 44 வீதமும் பின்னர் 55 வீதமும் கூடுதலாகச் செலுத்தவேண்டும். 1972இல் அது 65 வீதமானது. மறு ஆண்டு உலக எண்ணெய் நெருக்கடி. உபாலி விஜேவர்த்தன இங்கேயே மஸ்டாவையும் பியற்றையும் பொருத்தி விற்றாரே தவிர, அவை ஊருக்குப் போதவில்லை. அந்தப் பஞ்சந்தான் பஞ்சிகாவத்தையை வளர்த்தது. மருதானையிலிருந்து சற்றுத் தள்ளியுள்ள அந்தத் தெருக்களில் கழித்துவிட்ட கார்களின் ஒவ்வோர் உறுப்பும் விலைப்பட்டது. இல்லாத உறுப்பை லேத் பட்டறையில் கடைந்து கொடுத்தார்கள். கொட்டாஞ்சேனையிலும் துறைமுகத்தைச் சூழ்ந்த கராஜ்களில் கைதேர்ந்த மெக்கானிக்குகள் இருந்தார்கள். பிரேக் சிலிண்டரின் இறப்பர் வளையத்தை வெட்டிச் செய்தவர்களை நான் கண்டிருக்கிறேன். எந்தக் கல்லூரியும் அவர்களுக்குச் சான்றிதழ் கொடுக்கவில்லை. கொடுத்திருக்கவேண்டும்.

1977இல் ஜே. ஆர். ஜெயவர்த்தனவின் அரசாங்கம் இறக்குமதிக் கதவைத் திறந்தது. டொலரின் விலை ஏறத்தாழ 16 ரூபாவுக்குப் போனது. ஜப்பான் கார்கள் வந்து இறங்கின. மொறிஸ் மைனர்கள் மதிப்பிழந்து, மஞ்சட்கூரை போட்ட டாக்சிகளாக மட்டும் நகரில் ஓடின. பலர் பழைய காரைத் தள்ளிவிட்டது அந்த ஐந்தாறு ஆண்டுகளில்தான்.

பிறகு 1983 ஜூலை. 25ஆந் திகதி வெள்ளவத்தையின் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது கார்களும் எரிந்தன. கும்பல்கள் காலி வீதியில் வாகனங்களை மறித்துப் பெற்றோல் கேட்டன. அந்தப் பெற்றோல் எதற்குப் பயன்பட்டது என்பதை நான் எழுதவேண்டியதில்லை. கார் நின்ற வீடு வசதியுள்ள வீடு என்ற அடையாளமாகவும் அது அன்று இருந்தது. அதன்பின் கப்பலேறி யாழ்ப்பாணம் போனவர்களுட் பலர் திரும்பி வந்து காரைத் தேடவில்லை. மற்றவர்கள் அங்கிருந்தே இலண்டனுக்கும் கனடாவுக்கும் போனார்கள். வாசகரின் சித்தப்பாவுடைய கார் தப்பியதற்கு, அது கராஜுக்குள் பூட்டியிருந்ததும், பக்கத்து வீட்டார் வாசலில் வந்து நின்றதும் காரணங்கள் என்று அவர் எழுதியிருக்கிறார்.

இங்கே ஒரு செய்தி. இலங்கையில் வாகனக் காப்புறுதிப் பற்றுச்சீட்டை எடுத்துப் பாருங்கள். அடிப்படைக் கட்டணத்துக்குக் கீழே ‘வேலைநிறுத்தம், கலவரம், உள்நாட்டுக் குழப்பம்’ என்று ஒரு தொகையும், ‘பயங்கரவாதம்’ என்று இன்னொரு தொகையும் தனியாகக் காணப்படும். 1983இன் நட்டத்துக்குப் பின் வெளிநாட்டு மறுகாப்புறுதியாளர்கள் இத்தகைய ஆபத்தை ஏற்கத் தயங்கியதனால், 1980களின் பிற்பகுதியில் அரசாங்கமே இதற்கென ஒரு நிதியத்தை ஏற்படுத்தியது. இன்று அது தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் பொறுப்பில் உள்ளது. தொகை சிறியது. ஆனால் அதைச் செலுத்தாமல் விடாதீர்கள் என்று வாசகருக்கு எழுதினேன்.

யாழ்ப்பாணத்தின் கதை தனிக்கதை. 1990இலிருந்து பெற்றோல் வடக்குக்குத் தடைசெய்யப்பட்ட பொருளானது. கள்ளச் சந்தையில் கிடைத்த போத்தல் பெற்றோலின் விலை சாதாரண மனிதனுக்கு எட்டாதது. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கின. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது. ஆகவே முதலில் சில துளி பெற்றோலை கார்பரேற்றருக்குள் விட்டு இயக்கி, எஞ்சின் சூடான பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். ஆஸ்பத்திரிச் சேலைன் குழாய்கூட இதற்குப் பயன்பட்டது. மண்ணெண்ணெய்க்கு ஒக்ரேன் குறைவு. அழுத்த விகிதம் அதிகமான எஞ்சினில் அது நேரத்துக்கு முன்பே வெடித்து ‘டக் டக்’ என்று தட்டும். 7க்கு 1 என்ற அளவிலான அழுத்தம் கொண்ட ஒஸ்ரின் ஏ40 சோமசெட்டும் பழைய மொறிஸ் மைனரும் அதைத் தாங்கின. அழுத்தம் 8ஐத் தாண்டிய எம்.ஜி. போன்ற கார்கள் தாங்கியிரா. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வழியாகக் கீழிறங்கி எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்யும். அதனால் ஒயிலை அடிக்கடி மாற்றவேண்டும், அந்த ஒயிலும் கிடையாது. இந்த நிலையில் கர்ப்பிணிகளையும் காயப்பட்டவர்களையும் ஏற்றிக்கொண்டு அந்தக் கிழட்டுக் கார்கள் ஓடின.

போர்க்காலக் கொழும்பில் செலவு வேறு வகையானது. வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் போவதற்குள் எத்தனை சோதனைச் சாவடி என்பதைப் பொறுத்துப் பயண நேரம் அமைந்தது. தமிழர் ஓட்டும் கார் என்றால் டிக்கி திறக்கப்படும், ஆசனம் தூக்கப்படும். திறந்த கூரை கொண்ட, எல்லோரும் திரும்பிப் பார்க்கிற சிவப்புக் காரில் அப்போது யாரும் சுற்றித் திரிய விரும்பவில்லை. அந்த எம்.ஜி. கராஜிலேயே கிடந்ததற்குப் பணம் காரணமல்ல.

யுத்தம் 2009இல் முடிந்தது. அடுத்த அடி பொருளாதாரத்தால் வந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 1960களின் கதை அப்படியே திரும்பியது. பாவித்த ஜப்பான் கார்களின் விலை ஏறியது. வாங்கிய விலைக்கு மேல் விற்றவர்கள் மறுபடியும் தோன்றினார்கள். 2022இல் டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவரை பாய்ந்தது. ஆண்டின் தொடக்கத்தில் 177 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் 92 ஒக்ரேன் பெற்றோல் ஜூன் மாத இறுதியில் 470 ரூபாவானது. காலி வீதியில் நாட்கணக்கான வரிசை. பின்னர் கியூ.ஆர். அட்டை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர். நகருக்குள் லீற்றருக்கு 9 கிலோமீற்றர் கொடுக்கும் எம்.ஜி. அதில் 180 கிலோமீற்றர் ஓடும், 470 ரூபா விலையில் கணக்கிட்டால் அந்த 20 லீற்றருக்கு 9,400 ரூபா. 2025 பெப்ரவரியில் தனியார் கார் இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டது. எஞ்சினின் கொள்ளளவைப் பொறுத்த உற்பத்தி வரியோடு, மிகப் பழைய கார்கள் உள்ளே வர இயலாதபடி வயதெல்லையும் உண்டு. ஆகவே இந்த எம்.ஜி. போனால் வெளியிலிருந்து இன்னொன்றைக் கொண்டுவரலாம் என்று எண்ண இடமில்லை.

இனி வாசகரின் வரவுசெலவு. எஞ்சினைப் பற்றி அஞ்சவேண்டாம் என்றேன். ஆனால் 2002இல் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டதால், வால்வு இருக்கைகள் கடினமான உலோகத்துக்கு மாற்றப்பட்டிருக்கின்றனவா என்று தலையைக் கழற்றிப் பார்க்கவேண்டும். இரட்டைக் கார்பரேற்றரைச் சமன்செய்யத் தெரிந்த கை இப்போது மிகக் குறைவு. அந்தக் கைக்குரிய கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். பெரிய செலவு உடலில்தான். கடலிலிருந்து ஓர் ஒழுங்கைத் தூரத்தில் அறுபது ஆண்டுகள் நின்ற இரும்பு அது. எம்.ஜி.ஏ.யின் தளப்பலகை ஒட்டுப்பலகையால் ஆனது. மழைக்காலத்தில் ஊறி உக்கும். பலகையை மாற்றுவது மலிவு, பலகை உட்காரும் சட்டம் துருப்பிடித்திருந்தால் ரிங்கரிங் வேலை வாங்கும் விலையை நெருங்கும். ஆசனத்துக்குப் பின்னால் ஆறு வோல்ட் பற்றரிகள் இரண்டு உண்டு. நின்ற காரில் அவை முதலில் சாகும். பிரித்தானியாவிலிருந்து வரும் சாமானுக்குச் சுங்கத் தீர்வையோடு 2024இலிருந்து 18 வீத பெறுமதிசேர் வரியும் சேரும். ஆண்டு வருமான அனுமதிப்பத்திரமும் புகைப் பரிசோதனையும் பெரிய தொகையல்ல. ஆனால் அவற்றைத் தொடர்ந்து பெறாமல் விட்ட ஆண்டுகள் எத்தனை என்று சித்தப்பாவின் கோப்பைப் பார்க்கவேண்டும். பதிவுப் புத்தகம் அவர் பெயரில் இருந்து, அவர் காலமாகியிருந்தால், உரிமை மாற்றத்துக்குச் சட்டத்தரணியின் கட்டணமும் உண்டு.

எல்லாவற்றையும்விடப் பெரிய செலவை அவர் கேட்கவேயில்லை. அந்த வீட்டையும் பிள்ளைகள் விற்கிறார்களா? வெள்ளவத்தையின் ஒழுங்கைகளில் கராஜோடு கூடிய தனிவீடுகள் இடிக்கப்பட்டு அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. அங்கே கார் நிறுத்துமிடத்துக்கும் தனியாக விலை பேசுகிறார்கள். பெறுமதியுள்ள பழைய காரை மாதக்கணக்கில் கூரையின் கீழ், உப்புக் காற்றுப் படாமல், பத்து நாளுக்கு ஒருமுறை எஞ்சினை இயக்கி வைப்பதற்கு நம்பிக்கையான ஆளும் இடமும் வேண்டும். கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு கராஜ்காரர் இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். துறைமுகக் காற்று அங்கேயும் உண்டு.

விலை இன்னும் பேசி முடியவில்லை.