சி மொழியில் வாய்ட் செயற்கூறுகளும் ரிட்டர்ன் பிழைகளும்

சொன்ன வேலையைச் செய்துவிட்டு, அழைத்த இடத்துக்கு எந்த மதிப்பையும் திருப்பித் தராத செயற்கூறுக்கு சி மொழியில் வாய்ட் செயற்கூறு என்று பெயர். பட்டியலை அச்சிடவும் அணியை வரிசைப்படுத்தவும் இது போதும். இல்லாத மதிப்பை அதனிடம் கேட்டால் கம்பைலர் பிழை காட்டும்.

ஓர் எடுத்துக்காட்டு: ஆலங்காயத்தை அடுத்த காவலூரில் உள்ள வைணு பாப்பு வானாய்வகம் சுமார் 12.58 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. அகத்திய நட்சத்திரம் வான நடுவரைக்குத் தெற்கே சுமார் 52.7 பாகையில் உள்ளது. ஆகவே அது காவலூரில் மிக உயரே வரும்போதும் தலைக்கு நேர் மேலேயுள்ள புள்ளியிலிருந்து 65.3 பாகை தள்ளியே நிற்கும். இந்தக் கணக்கைப் போடும் செயற்கூறை ஒரு மாணவர் வாய்ட் என்று அறிவித்துவிட்டு, விடையை டபுள் மாறி ஒன்றில் வாங்க முயன்றால், புறக்கணிக்க வேண்டிய வாய்ட் மதிப்பைப் புறக்கணிக்கவில்லை என்று ஜிசிசி கம்பைலர் சொல்லும். அழைப்பை நேராக பிரிண்ட்எஃப்புக்குள் வைத்தாலும் பிழைதான். பிழை அழைத்த வரியில் காட்டப்படும்; கோளாறோ பெரும்பாலும் அறிவிப்பில் இருக்கும். புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

விடை தேவை என்றால் வாய்ட் இருந்த இடத்தில் டபுள் என்று மாற்றி, முடிவில் ரிட்டர்ன் எழுத வேண்டும். முன்வடிவையும் சேர்த்து மாற்றாவிட்டால், முன்வடிவும் செயற்கூறும் முரண்படுவதாக வேறொரு பிழை கிளம்பும். விடை தேவையில்லை என்றால் ரிட்டர்னுக்குப் பின்னால் உள்ள மதிப்பை நீக்கினால் போதும். பாதியில் வெளியேற வெறும் ரிட்டர்ன் எழுதலாம். ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் வேண்டுமானால் செயற்கூறை வாய்டாகவே விட்டு, சுட்டுகள் வழியே நிரப்பலாம்.

1978-இல் கெர்னிகனும் ரிச்சியும் எழுதிய சி மொழி நூலின் முதல் பதிப்பில் வாய்ட் கிடையாது. தரவினம் குறிப்பிடாத செயற்கூறு இன்ட் என்றே கொள்ளப்பட்டது. 1989-இன் ஆன்சி தரம் வாய்டைச் சேர்த்தது. தரவினத்தை விட்டுவிடும் சலுகையை 1999-இன் தரம் நீக்கியது. பழைய பழக்கம் மட்டும் எளிதில் போகவில்லை. தமிழ்நாட்டுக் கல்லூரி ஆய்வகங்களில் நெடுங்காலம் ஓடிய டர்போ சி, மெயின் எந்த மதிப்பையும் திருப்பித் தராவிட்டால் எச்சரிக்கும். மெயினுக்கு முன் வாய்ட் போட்டால் எச்சரிக்கை மறைந்துவிடும். அப்படியே கைப்பழக்கமான நிரலை சி++ ஆக ஜிசிசியிடம் கொடுத்தால், மெயின் இன்ட் ஆகவே இருக்க வேண்டும் என்று மறுத்துவிடும். சி நிரல் என்றால் மறுக்காமல் விட்டுவிடும்.

வாய்ட் செயற்கூறுக்குள் மதிப்போடு ரிட்டர்ன் எழுதுவதையும் ஜிசிசி வெகுகாலம் எச்சரிக்கையோடு விட்டது. 2024-இல் வந்த 14-ஆம் பதிப்பு முதல் அது பிழை. பழைய நிரல்கள் திடீரென்று கம்பைல் ஆகாமல் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வாய்ட் சுட்டு வேறு. மெமரி ஒதுக்கும் மாலாக் திருப்பித் தருவது வாய்ட் சுட்டு. அது முழு மதிப்பு என்பதால் மாறியில் தாராளமாக வாங்கலாம்.