இறைமையும் ஒரு கொத்து அரிசியும்

சர்வதேச அரசியலைக் கற்கப் புகுவோர் முதன்முதல் எதிர்கொள்ளும் சொல் இறைமை என்பதாகும். ஓர் அரசு தன் எல்லைக்குள் தனக்கு மேலான அதிகாரம் எதனையும் ஏற்பதில்லை. எல்லைக்கு வெளியே ஏனைய அரசுகளோடு சமநிலையில் நின்று பேசுகின்றது. 1576 இல் பிரான்சிய அறிஞர் ஜீன் போடின் இக்கருத்துக்கு உருவம் கொடுத்தார் என்றும், 1648 ஆம் ஆண்டின் வெஸ்ட்பாலியா உடன்படிக்கைகளோடு அது நடைமுறைக்கு வந்தது என்றும் பாடநூல்கள் கூறும். (அவ்வுடன்படிக்கைகளில் அத்தகைய தத்துவம் எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை என்று பிற்கால ஆய்வாளர் காட்டியிருப்பது வேறு கதை.) சட்டத்தின் பார்வையில் வல்லரசும் சிற்றரசும் ஒன்றே. ஆனால் சட்டம் அளிக்கும் உரிமை வேறு. அவ்வுரிமையைச் செலுத்தும் ஆற்றல் வேறு. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை எமது நாட்டு வரலாற்றில் ஒரு பண்டமாற்று அளந்து காட்டியது.

1948 பெப்ரவரி 4 ஆந் திகதி இலங்கை சுதந்திரம் பெற்றது. ஆயினும் 1947 இலேயே கைச்சாத்தான பாதுகாப்பு ஒப்பந்தத்தின்படி திருகோணமலைத் துறைமுகமும் கட்டுநாயக்கா விமானத் தளமும் பிரித்தானியப் படைகளின் வசமே இருந்தன. அவை 1957 இலேதான் கைக்கு வந்தன. ஐக்கிய நாடுகள் சபையில் இடங்கேட்டபோது சோவியத் யூனியன் தன் தடை அதிகாரத்தைப் பயன்படுத்தி அதனை மறித்தது. இது மெய்யாகவே சுதந்திர நாடுதானா என்பது அதன் கேள்வி. அத்தடையிலே பனிப்போரின் கணக்கும் கலந்திருந்தது என்பதை மறைப்பது நேர்மையாகாது. என்றாலும் கேள்வி பொய்க் கேள்வியன்று. 1955 டிசம்பர் வரை நாம் வாயிலிலேயே நிற்க வேண்டியிருந்தது.

அக்காலத்து இலங்கை தேயிலையையும் இறப்பரையும் தெங்குப் பொருள்களையும் விற்று அரிசி வாங்கிய நாடு. கொரிய யுத்தம் 1950 இல் மூண்டதும் இறப்பரின் விலை ஏறியது. 1952 இல் அது சரிந்தது. அதே வேளையில் உலகச் சந்தையில் அரிசி அரிதாகி விலை உயர்ந்தது. விற்பதற்கு விலையில்லை, வாங்குவதற்கு அரிசியில்லை என்ற இக்கட்டில் அமெரிக்காவை நாடிய அரசாங்கத்துக்கு, சந்தை விலைக்கு மேல் இறப்பர் வாங்க இயலாது என்ற பதிலே கிடைத்தது. மறுபுறம், போர்த் தேவைக்கான பொருள்களைச் சீனாவுக்கு அனுப்பலாகாது என்று ஐ. நா. பொதுச்சபை 1951 மே மாதத்தில் தீர்மானித்திருந்தது. இறப்பரின்றித் தவித்த சீனாவிடம் விற்கக்கூடிய அரிசி இருந்தது. இலங்கையோ அச்சபையின் உறுப்பினர் அல்ல. எம்மை வெளியே நிறுத்திய தடையே அந்நேரத்தில் எமக்குக் கை கொடுத்தது என்பது வரலாற்றின் குறும்பு.

1952 டிசம்பர் 18 இல் பீக்கிங் நகரிலே இறப்பர்-அரிசி ஒப்பந்தம் நிறைவேறியது. ஆண்டொன்றுக்கு 50,000 தொன் இறப்பர் அங்கே செல்லும், 2,70,000 தொன் அரிசி இங்கே வரும், காலம் ஐந்தாண்டு. இறப்பருக்குச் சீனா சந்தை விலைக்கு மேலே கொடுத்தது. இதை முடித்து வைத்த வர்த்தக அமைச்சர் ஆர். ஜி. சேனநாயக்காவோ, பிரதமர் டட்லி சேனநாயக்காவோ இடதுசாரிகள் அல்லர். கம்யூனிசத்தை வெறுத்த ஐக்கிய தேசியக் கட்சி அரசாங்கம் அது. அன்று சீனாவில் அதற்கு ஒரு தூதரகம்கூட இருக்கவில்லை. போர்ப்பொருள் விற்கும் நாடுகளுக்கு உதவியை மறுக்கும் சட்டமொன்றை அமெரிக்கக் காங்கிரஸ் 1951 இல் இயற்றியிருந்தமையால், இலங்கை சில ஆண்டுகள் அவ்வுதவியை இழந்தது. கொள்கை தடுத்தும் வல்லரசு முகஞ்சுளித்தும் அரசாங்கம் கையெழுத்திட்டது. வெறுஞ்சட்டியை வைத்துக்கொண்டு எந்தக் கட்சியும் ஆள முடியாது. சிறிய நாடொன்றின் இறைமை அன்று வெறுஞ் சொல்லாக இருக்கவில்லை என்பதை நாம் ஒப்புக்கொள்ளவே வேண்டும்.

ஆயின் அது யாருடைய இறைமை?

எட்டு மாதங்கூடச் செல்லவில்லை. 1953 ஜூலையில், வரவு செலவுப் பற்றாக்குறையைக் காரணங்காட்டி, கொத்து 25 சதத்துக்கு விற்ற கூப்பன் அரிசியின் விலையை அதே அரசாங்கம் 70 சதமாக்கியது. ஆகஸ்ட் 12 இல் இடதுசாரிக் கட்சிகளின் அழைப்பை ஏற்று மக்கள் ஹர்த்தால் செய்தனர். கடைகள் அடைபட்டன, புகையிரதங்கள் நின்றன, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மாண்டன. அன்று அமைச்சரவை கூடிய இடம் கொழும்புத் துறைமுகத்தில் நின்ற நியூபவுண்ட்லாந்து என்னும் பிரித்தானியப் போர்க்கப்பலாகும். வெளியாரின் விருப்பை மீறிச் சீனாவோடு கைகுலுக்கிய அரசு, தன் சொந்த மக்களுக்கு அஞ்சி முன்னாள் எசமானரின் கப்பலில் ஏறியது. ஒக்டோபரில் டட்லி பதவி துறந்தார்.

இன்னுமொன்றுண்டு. சீனாவுக்குச் சென்ற இறப்பரிற் கணிசமான பங்கு சிங்களச் சிறு தோட்டக்காரருடையது. மற்றப் பங்கு களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் பெருந்தோட்டங்களில் விளைந்தது. அங்கே விடியுமுன் எழுந்து பால் வெட்டியோருள் இந்திய வம்சாவளித் தமிழர் பலர். 1948 இன் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. 1949 இன் தேர்தற் சட்டத் திருத்தம் வாக்கைப் பறித்தது. 1947 இல் பாராளுமன்றத்துக்குத் தம் பிரதிநிதிகளை அனுப்பிய மக்கள் 1952 தேர்தலின்போது வேடிக்கை பார்த்து நின்றனர். நாட்டின் இறைமையை அரிசியாக மாற்றித் தந்த கைகள் அவ்விறைமையில் பங்கற்ற கைகள். தன் குடிகள் யார் என்று தானே தீர்மானிப்பதும் இறைமையின் ஓர் அங்கம் என்று சட்ட அறிஞர் வாதிப்பர். 1948 இல் அவ்வாதமே வென்றது.

1964 ஒக்டோபரில் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் புதுடில்லியில் அமர்ந்து அம்மக்களைப் பங்கிட்டனர்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவதென்று முடிவு. இரண்டு இறைமை அரசுகள் சமநிலையில் நின்று பேசின. பேசப்பட்டோர் அம்மேசையில் இருக்கவில்லை. எஞ்சியோரை 1974 இல் சரிபாதியாகப் பிரித்தனர். இறப்பர்-அரிசி ஒப்பந்தம் மீண்டும் மீண்டும் புதுப்பிக்கப்பட்டு 1982 வரை நீடித்தது. இறப்பர்ப் பால் வெட்டியவர்களின் சந்ததியாருள் கடைசியாக எஞ்சிய நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003 இலேதான் வந்தது.