தாகூரின் ஓவியப் பொருள்கள்

வங்கக் கவிஞர் இரவீந்திரநாத் தாகூர் (1861–1941) தம் அறுபதுகளில் ஓவியம் தீட்டத் தொடங்கி, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகளை விட்டுச் சென்றார். ஓவியப் பள்ளி எதிலும் அவர் முறையாகப் பயின்றதில்லை. எழுதுமேசையில் இருந்த பேனாவிலும் மையிலும் தொடங்கிய அவரது பழக்கம், வண்ண மை, பேஸ்டல், கிரேயான், போஸ்டர் வண்ணம் எனக் கைக்குக் கிடைத்த பொருள்களையெல்லாம் சோதித்துப் பார்க்கும் தனி வழியாக வளர்ந்தது. தீட்டத் துணியும் விரல்களும்கூட அவருக்குப் பயன்பட்டன.

தொடக்கம்

சிறுவயதில் வீட்டுக்கு வந்த ஆசிரியர்களிடம் தாகூர் ஓரளவு வரையக் கற்றார். அண்ணன் ஜோதிரிந்திரநாத் பென்சில் உருவப்படங்கள் வரைவதில் தேர்ந்தவர். அவற்றுள் ஒரு தொகுதியை ஆங்கில ஓவியர் வில்லியம் ராதன்ஸ்டைன் 1914இல் வெளியிட்டார். உறவுமுறையில் மகன்களான அவனீந்திரநாத், ககனேந்திரநாத் இருவரும் புகழ்பெற்ற ஓவியர்கள். தாம் குறிப்பேட்டில் படம் வரைந்து பார்ப்பதைப் பற்றி 1900இல் அறிவியலாளர் ஜகதீச சந்திர போஸுக்கு எழுதிய கடிதத்தில் தாகூர் வேடிக்கையாகக் குறிப்பிடுகிறார். 1916இல் ஜப்பான் சென்றவர், அங்குள்ள ஓவியங்களின் பரந்த வெளியையும் சிக்கனத்தையும் வியந்து எழுதினார். 1919இல் தாகூரின் சாந்திநிகேதனில் கலா பவனம் என்னும் கலைப் பள்ளி நிறுவப்பட்டது; ஓவியர் நந்தலால் போஸ் பின்னர் அதன் தலைமையை ஏற்றார். ஓவியர்களுக்கு நடுவே வாழ்ந்தும் தாகூர் அவர்களிடம் மாணவராகச் சேரவில்லை.

கையெழுத்துப் படிகளில் பிறந்த உருவங்கள்

தாகூரின் ஓவியத்துக்கு மூலம் அவரது திருத்தங்களே என்பதில் பெரும்பாலான ஆய்வாளர்கள் ஒன்றுபடுகின்றனர். எழுதிய கவிதையில் வேண்டாத சொற்களை அடிக்கும்போது, அடித்த இடங்கள் தாளில் அங்கங்கே கறைகளாக நின்றன. அவற்றை அப்படியே விட அவருக்கு மனம் வரவில்லை. ஒரு கறையிலிருந்து மற்றொன்றுக்குக் கோடு இழுத்தார். இடையிலிருந்த வெற்றிடத்தை மையால் நிரப்பினார். அலகு நீண்ட பறவைகளும், பல் காட்டும் விலங்குகளும், எந்த உயிரினத்திலும் சேராத வளைந்த உடல்களும் வரிகளுக்கிடையே தோன்றின. தப்பிப் பிழைத்த சொற்கள் அவ்வுருவங்களுக்குள் சிறு சாளரங்கள்போல் வெளுத்துத் தெரிகின்றன.

இப்பழக்கம் எப்போது ஓவியமாக மாறியது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. 1923ஐ ஒட்டி எழுதப்பட்ட ‘ரக்த கரபி’ நாடகத்தின் படிகளையே தொடக்கமாகக் கொள்வோர் சிலர். 1924இல் எழுதப்பட்ட ‘பூரபி’ கவிதைகளின் குறிப்பேட்டைச் சுட்டுவோர் வேறு சிலர். அவ்வாண்டு பெரு நாட்டுக்குப் புறப்பட்ட தாகூர், வழியில் உடல்நலம் குன்றி அர்ஜென்டினாவின் சான் இசித்ரோவில் தங்க நேர்ந்தது. அவரை அங்கு உபசரித்த எழுத்தாளர் விக்டோரியா ஒகாம்போ, குறிப்பேட்டின் அடித்தல் திருத்தல்களில் ஓர் ஓவியரின் கையைக் கண்டார். சில பக்கங்களைப் படமெடுக்கவும் அனுமதி பெற்றார். எழுத்தோடு ஒட்டாத தனி ஓவியங்கள் ஏறத்தாழ 1928 முதல் தொடர்ந்து வருகின்றன.

பொருள்களும் முறைகளும்

முதற்கட்டத்தில் கருவியும் பொருளும் எழுத்தாளனுடையவை: பேனா, கறுப்பு மை, எழுதும் தாள். பேனாவின் கூர்முனை மெல்லிய கோடுகளைத் தந்தது. அக்கோடுகளை நெருக்கமாக அடுக்கி அவர் நிழலை உண்டாக்கினார். பேனாவைத் திருப்பிப் பிடித்து அதன் பின்முனையால் மையைத் தேய்ப்பதும் உண்டு. தூரிகை அவருக்குப் பிற்பாடு வந்த கருவி. வந்த பிறகும் அது பல கருவிகளுள் ஒன்றாகவே இருந்தது. மை ஊறிய துணியால் தாளைத் துடைத்துப் பின்புலம் அமைத்தார். விரலால் வண்ணத்தை இழுத்துப் பரப்பினார்.

கறுப்பிலிருந்து வண்ணத்துக்கு அவரைக் கொண்டுசென்றது வண்ண மையே. பெலிக்கன் நிறுவனத்தின் மைகளை அவர் விரும்பிப் பயன்படுத்தினார். மை ஒளிபுகும் தன்மை உடையது. ஒரு பூச்சு காய்ந்தபின் அதன்மேல் மற்றொன்றைப் பூசினால் அடிநிறம் உள்ளிருந்து ஒளிரும். மஞ்சளின்மேல் பழுப்பையும் பழுப்பின்மேல் கறுப்பையும் ஏற்றி, வெளிச்சத்துக்குத் தேவையான இடத்தை மட்டும் விட்டுவைக்கும் வழியை அவர் இவ்வாறு கண்டறிந்தார். அந்தி வானத்தின் முன் கருத்து நிற்கும் மரங்களைக் கொண்ட அவரது நிலக்காட்சிகளின் ஆழம் இந்த அடுக்குகளிலிருந்தே பிறக்கிறது. கறுப்பு மட்டுமே போல் தோன்றும் இடத்தை நெருங்கிப் பார்த்தால், உள்ளே நீலமோ செம்பழுப்போ இருப்பது தெரியும்.

ஒளிபுகாத போஸ்டர் வண்ணம், பேஸ்டல், கிரேயான் ஆகியவற்றையும் அவர் கையாண்டார். ஒரே தாளில் இரண்டு மூன்று பொருள்களைக் கலப்பதற்குத் தயங்கவில்லை. பூவிதழ்களைக் கசக்கி அச்சாற்றால் நிறம் ஏற்றியதாக அருகிலிருந்தோரின் நினைவுக் குறிப்புகள் சொல்கின்றன. இம்முறை எத்தனை ஓவியங்களில் கையாளப்பட்டது என்பது உறுதிப்படவில்லை. எண்ணெய் வண்ணமும் கான்வாஸும் அவரைப் பெரிதும் ஈர்க்கவில்லை. பெரும்பாலான படங்களை ஒரே அமர்வில் முடிப்பது அவர் வழக்கம். விரைவில் காயும் மை அதற்கு ஏற்றதாக இருந்தது.

இந்தப் பழக்கங்களைப் பயிற்சிக் குறைவு என்று கருதியவர்கள் உண்டு. தாகூரோ, தமக்கு இளமை முதல் வாய்த்த ஒரே பயிற்சி தாளலயத்தில்தான் என்று 1930இல் எழுதினார். கோடும் லயத்துக்குக் கட்டுப்பட்டதே என்பது அவர் வாதம். அடித்த சொல்லுக்கு அவர் கொடுத்த வடிவங்களைப் பார்ப்பவர்களுக்கு இவ்வாதம் எளிதில் விளங்கும்.

நிறப்பார்வை பற்றிய விவாதம்

சிவப்பு தமக்குத் தெளிவாகப் புலப்படுவதில்லை என்றும், நீலம் உடனே கண்ணில் படும் என்றும் தாகூர் நெருங்கியவர்களிடம் கூறியதாகக் குறிப்புகள் உள்ளன. இதை அடிப்படையாகக் கொண்டு, அவருக்குச் சிவப்பு–பச்சை நிறக்குருடு இருந்திருக்கலாம் என்று 1980களில் ஆய்வாளர்கள் கருத்துத் தெரிவித்தனர். கேதகி குஷாரி டைசனும் சுஷோபன் அதிகாரியும் பிறரும் சேர்ந்து 1997இல் வெளியிட்ட வங்க நூல் இதை விரிவாக ஆராய்ந்தது. அவரது ஓவியங்களில் சிவப்பு அழுத்தமாகவே இடம்பெறுவதைச் சுட்டி இதை ஐயுறுவோரும் உள்ளனர்.

கண்காட்சிகள்

முதல் கண்காட்சி 1930 மே 2 அன்று பாரிஸின் பிகால் கூடத்தில் திறக்கப்பட்டது. குறுகிய காலத்தில் ஏற்பாடுகளைச் செய்து முடித்தவர் ஒகாம்போ. அதே ஆண்டில் பர்மிங்ஹாம், பெர்லின், கோபன்ஹேகன், மாஸ்கோ, நியூயார்க் உள்ளிட்ட நகரங்களிலும் படங்கள் வைக்கப்பட்டன. பெர்லின் தேசியக் கலைக்கூடத்துக்கு அளிக்கப்பட்ட ஐந்து ஓவியங்களை நாஜி அரசு 1937இல் ‘சீரழிந்த கலை’ என்று முத்திரையிட்டு அகற்றியது. இந்தியாவில் கண்காட்சிகள் 1931இன் இறுதியில் கொல்கத்தாவில் தொடங்கின.

இறுதி ஆண்டுகள்

1937இல் ‘ஷே’, ‘காப்சாடா’ ஆகிய நூல்கள் அவரது சொந்தப் படங்களுடன் வெளிவந்தன. அவ்வாண்டு செப்டம்பரில் கடும் நோயில் நினைவிழந்து மீண்டதும், வண்ணமும் தூரிகையும் கேட்டு வாங்கி ஒரு மரப்பலகைத் துண்டில் நிலக்காட்சி தீட்டினார் என்பது வாழ்க்கை வரலாறுகள் தரும் செய்தி. 1940இல் ‘சித்ரலிபி’ என்னும் ஓவியத் தொகுதி வெளியானது.

பிற்காலம்

1970களில் தாகூரின் ஓவியங்கள் தேசியக் கலைச் செல்வங்களாக அறிவிக்கப்பட்டன. அதன்பின் தனியார் அவற்றை நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்வதற்குச் சட்டத்தடை உள்ளது. பெரும்பகுதி சாந்திநிகேதனின் இரவீந்திர பவனத்தில் உள்ளது. இங்கிலாந்தின் டார்டிங்டன் ஹால் அறக்கட்டளை வைத்திருந்த 12 ஓவியங்கள் 2010இல் லண்டனில் சுமார் 16 இலட்சம் பவுண்டுக்கு ஏலம் போயின. ஆர். சிவகுமார் தொகுத்த ‘ரவீந்திர சித்ராவளி’ நான்கு தொகுதிகளாக 2011இல் வெளிவந்தது. வண்ண மை ஒளிபட்டால் வெளுக்கும். சாதாரணத் தாள் காலப்போக்கில் பழுப்பேறி முறியும். ஆதலால் மூலங்களைக் குறைந்த ஒளியில், வரையறுத்த காலத்துக்கு மட்டும் காட்சிக்கு வைப்பதே இவ்வகைப் படைப்புகளுக்கு ஏற்ற முறை.