ஆதிரையின் அகலம்

எவ்வளவு பெரிய தொலைநோக்கி வழியாகப் பார்த்தாலும் நட்சத்திரம் வெறும் புள்ளியாகவே தெரிந்தது. 19-ஆம் நூற்றாண்டு வானியலாளர்களைத் திணறடித்த சங்கடம் இது. 1870-களில் பிரான்சின் மார்செய் நகரில் எட்வார் ஸ்டெஃபான் முயன்று பார்த்தார். ஒரு நட்சத்திரத்தின் அகலம்கூட அவர் கருவிக்குப் பிடிபடவில்லை.

வழி திறந்தது கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சன் மலையில். அங்கிருந்த 100 அங்குலத் தொலைநோக்கியின் தலையில் 20 அடி நீள எஃகுச் சட்டம் ஒன்றைப் பொருத்தி, அதில் நகரும் கண்ணாடிகளை வைத்தார்கள். இரு புறமிருந்தும் வரும் ஒளி ஒன்றுசேரும்போது கருப்பும் வெளுப்புமாக வரிகள் தெரியும். கண்ணாடிகளை விலக்கிக்கொண்டே போனால் ஓரிடத்தில் வரிகள் மறைந்துவிடும். நட்சத்திரத்தின் தோற்ற அகலம் கூடக்கூட, குறைந்த இடைவெளியிலேயே மறையும். இயற்பியலாளர் மைக்கேல்சன் வகுத்த முறை இது.

1920 டிசம்பர் 13 இரவு, வானியலாளர்கள் பீஸும் ஆண்டர்சனும் கருவியைத் திருவாதிரையின் பக்கம் திருப்பினார்கள். இடைவெளி 121 அங்குலத்தை எட்டியபோது வரிகளைக் காணவில்லை. கருவியில் கோளாறோ? வேறொரு நட்சத்திரத்தைப் பார்த்தார்கள், வரிகள் இருந்தன. கணக்குப் போட்டதில் ஆதிரையின் விட்டம் சுமார் 38 கோடி கிலோமீட்டர் என்று வந்தது. சூரியனின் விட்டமோ 14 லட்சம்தான். பின்னாளில் தூரக்கணக்கு திருத்தப்பட்டதும் ஆதிரை இன்னும் பெருத்தது.

அடுத்த சில ஆண்டுகளில் அந்தக் கருவிக்குச் சிக்கியவை மொத்தம் ஏழே நட்சத்திரங்கள். சுவாதி, ரோகிணி, கேட்டை ஆகியவையும் அவற்றில் அடக்கம். எல்லாம் ஊதிப் பெருத்தவை.

சிறியவற்றை அளக்க நீலகிரியின் அருவங்காட்டில் பிறந்த ஒருவர் வரவேண்டியிருந்தது. ராணுவம் கழித்துப்போட்ட தேடுவிளக்குக் கண்ணாடிகள் இரண்டை வைத்து, 1950-களின் நடுவில் இங்கிலாந்தில் சிரியஸை அளந்து காட்டினார் ஹான்பரி பிரவுன். அவர் முறை நடக்கவே நடக்காது என்று வாதாடிய இயற்பியலாளர்களும் உண்டு. பிறகு ஆஸ்திரேலியாவின் நராப்ரியில், 188 மீட்டர் விட்டமுள்ள வட்டத் தண்டவாளத்தில் இரண்டு பெரிய ஒளிவாங்கிகளை ஓடவிட்டார். 1974-இல் 32 நட்சத்திரங்களின் அளவுகள் வெளியாயின.

நட்சத்திரங்களின் அளவில் இத்தனை வேறுபாடு எதனால்? முதற்காரணம் பிறவி எடை. நட்சத்திரத்தை ஈர்ப்பு உள்ளே இழுக்கிறது. மையத்தின் வெப்பம் வெளியே தள்ளுகிறது. எடை கூடினால் மையம் அதிகம் கொதிக்கும், உடலும் பெருக்கும். ஆனால் எடை மட்டுமே அளவைத் தீர்மானிப்பதில்லை. சுவாதியின் எடை ஏறத்தாழ சூரியனின் எடைதான்; விட்டமோ 25 மடங்கு. இங்கே காரணம் முதுமை. மையத்து ஹைட்ரஜன் தீர்ந்ததும் உட்கரு சுருங்கிச் சூடேறும். அதைச் சுற்றியுள்ள அடுக்கில் ஹைட்ரஜன் எரியத் தொடங்கும். வெளிப்புறம் விரிந்து, குளிர்ந்து, சிவக்கும்.

சூரியன் அந்த நிலையை எட்ட இன்னும் சுமார் 500 கோடி ஆண்டுகள் இருக்கின்றன.