செங்கல்லும் புள்ளியும்

1881ஆம் ஆண்டில் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அடுத்தடுத்துப் பாழாக்கின. மரவீடும் அத்தாப்புக் கூரையும் இனி உதவா எனக் கண்ட பிராங்க் சுவெட்டன்ஹம், 1884இல் செங்கல்லும் ஓடும் கொண்டு கட்டடங்களை எழுப்பப் பணித்தார். அத்தேவைக்கெனப் புகைந்த சூளைகளே பிரிக்பீல்ட்ஸுக்குப் பெயர் தந்தன.

செங்கல் அறுத்தவன் கையில் முதலில் இருந்தது புள்ளியன்று, திண்ணிய பொருள். அதன் முகமே தளம். இரு முகங்கள் கூடும் விளிம்பே கோடு. மூன்று விளிம்புகள் கூடும் முனையே புள்ளி. யூக்ளிட்டோ பகுதியற்ற புள்ளியிலிருந்து தொடங்கினார். நீளமும் அகலமும் அற்ற ஒன்றிலிருந்து உருவம் எங்ஙனம் பிறக்கும் என்று மாணவன் மயங்குவது இயல்பே.

அறிஞரும் அவ்வாறே ஐயுற்றனர். போலந்து நாட்டு ஆல்பிரட் தார்ஸ்கி, 1927இல் லுவோவ் நகரில் ஆற்றிய உரையில், கோளத்தையும் 'பகுதி' என்னும் உறவையும் மட்டுமே அடிப்படையாகக் கொண்டார். மையத்தைச் சுட்டாமலே ஒருமையக் கோளங்கள் எவை என வரையறுத்து, அவற்றின் தொகுதியையே புள்ளி என்றார். அவ்வழியிலும் யூக்ளிட்டின் வடிவியல் குறைவின்றிக் கிடைத்தது. 1929இல் ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் வைட்ஹெட், ஒன்றனுள் ஒன்றாக முடிவின்றிச் சுருங்கும் பகுதிகளின் வரிசையைக் கொண்டு புள்ளியை விளக்கினார்.

எனவே, புள்ளி வடிவியலின் வாயிலாகவே இருத்தல் வேண்டும் என்பதில்லை. பொருளிலிருந்து புறப்பட்ட சிந்தனை சென்றடையும் எல்லையாகவும் அஃது அமையலாம். முதல் வரையறையிலேயே தயங்கி நிற்கும் மாணவனை அறிவிலி எனக் கடிதல் தகாது. அவன் கையில் ஒரு செங்கல்லைத் தருக. அதன் முனையைத் தொட்டுப் புள்ளியை அவனே கண்டுகொள்வான்.